பேசாப்படமும் மாணவர் பயிற்சியும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

திரைப்படக் கலையைக் கற்கப் புகும் மாணவரிடம் தொடக்கத்தில் ஒப்படைக்கப்படும் வேலை, பெரும்பாலும், உரையாடல் இல்லாத சில நிமிடக் குறும்படம் ஒன்றைத் திட்டமிட்டு எடுத்து வருதலாகும். உலகின் பல திரைப்படக் கல்லூரிகளில் நெடுங்காலம் வழக்கிலிருந்துவரும் இப்பயிற்சிக்கு இரு காரணங்கள் உண்டு. சொல்லின் துணையின்றிக் காட்சியால் மாத்திரம் பொருளுணர்த்தப் பழகுதல் ஒன்று, செலவு மற்றொன்று. கலைநூல்கள் முதற் காரணத்தையே விரித்துரைக்கின்றன. வரலாற்றை நோக்கின் இரண்டாவது காரணமே முந்தியது என்பது புலனாகும். இக்கட்டுரை அவ்வரலாற்றின் சில கட்டங்களைச் சுருக்கமாக நோக்கி, இத்தகைய பயிற்சி அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், சிறப்பாகக் கல்முனையையும் அதன் அயலூர்களையும் களமாகக் கொண்டு மேற்கொள்ளப்படுமாயின் எழும் பிரச்சினை ஒன்றை ஆராய முற்படுகின்றது. இக்கரையில் அடுத்தடுத்து வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான உடைமைகளுள் முதன்மையானது மொழி. பேசாப்படம் எடுக்கப் புகுவோர் முதலிற் கைவிடுவதும் அம்மொழியையே. அதன்பின் திரையில் எஞ்சி நிற்பது யாது என்பதே நமது வினா.

முதலில் மொஸ்கோவுக்குச் செல்ல வேண்டியுள்ளது. 1919 ஆகஸ்ட் 27ஆம் நாள் லெனின் கையொப்பமிட்ட ஆணையின்மூலம் ரஷ்யாவின் திரைப்படத் தொழில் அரசுடைமையாயிற்று. அவ்வாண்டிலேயே அங்கு அரச திரைப்படப் பள்ளியும் தொடங்கப்பட்டது. பள்ளி இருந்தது, பிலிம் இல்லை. உள்நாட்டுப் போரும் அந்நிய முற்றுகையும் பிலிம் இறக்குமதியை ஏறத்தாழ நிறுத்திவிட்டிருந்தன. அப்போது இருபது வயதினரான லெவ் குலெஷோவ் தம் மாணவரைக் கொண்டு 'பிலிம் இல்லாப் படங்களை' நடத்தினார். ஒவ்வொரு காட்சித்துண்டையும் தாளில் வரைந்து, கால அளவு குறித்து, மேடையில் நடித்து, அடுத்த துண்டுக்கு மாறுதல் என்ற வகையில் அப்பயிற்சி அமைந்தது. கிறிஃபித்தின் 'சகிப்பின்மை' (1916) என்னும் அமெரிக்கப் படம் அங்குத் துண்டுதுண்டாகப் பிரித்து ஆராயப்பட்டது. 1920இல் இக்குழுவினர் 'செம்முனையில்' என்ற பிரசாரப் படத்தை எடுத்தனர். பின்னாளிற் பெரும் இயக்குநரான புடோவ்கின் இப்பட்டறையில் உருவானவர்.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது, படத்தொகுப்பு பற்றிய கோட்பாடு வறுமையின் நடுவே தோன்றிற்று என்பதாகும். கையில் இருப்பது சிறிதளவு பிலிம் என்றால், எடுப்பதற்கு முன்னரே எல்லாவற்றையும் எண்ணித் தீர்த்துக்கொள்ள வேண்டும். திட்டமிடல் என்பது கலைஞனின் விருப்பம் என்ற நிலையிலிருந்து உற்பத்தியின் நிபந்தனை என்ற நிலைக்கு மாறுகின்றது. எனினும் வறுமை மட்டும் கோட்பாட்டைப் பிறப்பிப்பதில்லை. அதே ஆண்டுகளிற் பிலிம் கிடைக்காது திண்டாடிய வேறு நாடுகளில் இவ்வாறான பட்டறை தோன்றவில்லை. மாணவருக்குக் கூடமும் நேரமும் உணவும் அளித்த புதிய அரசு ஒன்று அங்கு இருந்தமையும் காரணமாகும்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் இதன் மற்றொரு வடிவத்தைப் போலந்திற் காண்கிறோம். 1948இல் லொட்ஸ் நகரில் தோன்றிய அரச திரைப்படப் பள்ளியின் மாணவராயிருந்த றோமன் பொலன்ஸ்கி, 1958இல் 'இரு மனிதரும் ஓர் அலுமாரியும்' என்ற 15 நிமிடப் படத்தை எடுத்தார். கடலிலிருந்து இரு மனிதர் ஒரு பழைய அலுமாரியைச் சுமந்துகொண்டு வெளிவருகின்றனர். நகரத்துள் அதனுடன் செல்ல முயல்கின்றனர். எவ்விடத்தும் ஏற்கப்படாது, மீண்டும் அதனைச் சுமந்தவாறே கடலுக்குள் இறங்கி விடுகின்றனர். பால்டிக் கரையிலுள்ள சொபொட் என்ற ஊரில் அது படமாக்கப்பட்டது. உரையாடல் இல்லை, இசை உண்டு. பள்ளியும் கருவியும் பிலிமும் அரசினுடையவை; படம் நகையாடுவதோ அச்சமூகத்தின் இறுகிய முகத்தை. கடற்கரை, சுமை, சுமப்போர் என்ற மூன்றை மட்டுங் கொண்டு ஒரு சமூகத்தை விசாரணை செய்யலாம் என்பதற்கு இது சான்று. அலுமாரியின் இடத்தில் வலையை வைத்து எண்ணிப் பார்ப்பது நம் கரையோர மாணவருக்குக் கடினமன்று.

தமிழகத்துப் பேசாப்படங்களின் வரலாறு வேறுவகையானது. பூனாவில் ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஒருவரிடம் கமராவைக் கையாளக் கற்றுவந்த ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்த காலம் முதல் 1930களின் தொடக்கம் வரை சென்னையில் எடுக்கப்பட்ட பேசாப்படங்கள் ஏறத்தாழ அனைத்தும் அழிந்துவிட்டன. அவை பற்றி நாம் அறிந்திருப்பவற்றுள் ஒரு செய்தி இங்குப் பயன்தருவது. எழுத்தறியாதோர் பெருந்தொகையினராயிருந்த அரங்குகளிற் காட்சிகளுக்கிடையே தோன்றும் எழுத்து அட்டைகளை ஒருவர் உரத்துப் படித்துக் காட்டுவதுண்டு. பேசாப்படம் ஓடிய அரங்கு பேசாத அரங்கன்று. திரைக்கு முன்னே ஒரு குரலும், அக்குரலை மறித்தும் தொடர்ந்தும் எழும் பல குரல்களும் இருந்தன. தமிழர் சமூகத்திற் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமரக் கிடைத்த முதல் அரங்குகளுள் சினிமாக் கொட்டகை ஒன்று என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிற் சுட்டியுள்ளார். கட்டண வகுப்புகள் அவ்வமர்விலும் வேறுபாட்டைப் பேணின என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இலங்கையின் முதற் கதைப்படமும் பேசாப்படமே. 1925இல் நூர்பாய் என்ற வணிகரின் முதலீட்டில், இந்தியரான குப்தாவின் இயக்கத்தில், 'ராஜகீய விக்கிரமய' எடுக்கப்பட்டது. அதன் கதாநாயகராகத் தோன்றியவர் அப்போது மாணவப் பருவத்தினரான என். எம். பெரேரா. பத்தாண்டுகளின்பின், 1935இல், லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவராகி, 1970இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசில் நிதியமைச்சரானவர் அவரே. அப்படம் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்டது. இலங்கையிற் காட்டப்படுமுன் அழிந்துபோயிற்று. இடதுசாரித் தலைவர் ஒருவர் அரச வீரச் செயல்களில் நடித்தார் என்பதை வேடிக்கைச் செய்தியாகச் சொல்வோர் உளர். அதனினும் கவனிக்கத்தக்கது, இந்நாட்டு மக்கள் தமது நாட்டின் முதற் படத்தைக் காணவேயில்லை என்பது. எடுத்தது இங்கே, சந்தை வேறிடத்தில். தேயிலைக்கும் இறப்பருக்கும் உரிய விதி படத்துக்கும் பொருந்திற்று.

தேயிலையைப் பற்றிப் பேசும்போது மற்றொரு படம் நினைவுக்கு வருகின்றது. 1934இல் பஸில் ரைட் என்ற ஆங்கில இளைஞர் இங்கு வந்து, ஒலிப்பதிவு இல்லாத கமராவாற் காட்சிகளை எடுத்துச் சென்றார். 'இலங்கைப் பாடல்' என்ற பெயரில் வெளிவந்த அப்படத்திற்குப் பொருளுதவி செய்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. ஒலி முழுவதும் இங்கிலாந்திற் சேர்க்கப்பட்டது. றொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்த பகுதிகளை லயனல் வென்ட் வாசித்தார். ஒரு பகுதியில், உழைக்கும் மக்களின் உருவங்களின்மேல் வணிகச் செய்திகளும் விலை விபரங்களும் ஒலிக்கின்றன. ஏகாதிபத்திய வணிகத்தை அம்பலப்படுத்தும் முயற்சி என இதனைப் போற்றுவர். போற்றத்தக்கதே. ஆயினும், படத்திலுள்ளோர் எவரும் தம் குரலிற் பேசுவதில்லை. மௌனமாகப் படமெடுக்கப்பட்டவர்மீது யாருடைய ஒலியையும் ஏற்றலாம் என்பதை அப்படம் தன்னையறியாமலே நிரூபித்தது. பௌத்தத்தை முதலும் முடிவுமாகக் கொண்டு அமைந்த அவ்விலங்கையிற் கிழக்குக் கரைக்கு இடம் இல்லாமற்போனதில் வியப்பில்லை.

1960களின் தொடக்கத்தில் 16 மில்லிமீற்றர் பிலிமில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்' முதலாக ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கின. அவற்றுட் பல தென்னிந்தியப் படங்களின் பேச்சையே பேசின. சந்தை தென்னிந்தியப் படங்களின் பிடியிலிருக்க, அவற்றைப் பார்த்துப் பழகிய செவிகளுக்கு மட்டக்களப்புத் தமிழோ கல்முனை முஸ்லிம்களின் தமிழோ திரையிற் கேட்கத்தக்கதாகத் தோன்றவில்லை. 1977இல் காவலூர் இராசதுரையின் எழுத்தில், அந்நாளில் யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த தர்மசேன பத்திராஜா இயக்கிய 'பொன்மணி' இப்போக்கிலிருந்து விலகியது. அடுத்த ஆண்டில் அவர் சிங்களத்தில் எடுத்த 'பம்பறு எவித்' கற்பிட்டி மீனவர் வாழ்வில் வெளியார் முதலாளித்துவம் நுழைவதைக் காட்டிற்று. கிழக்குக் கரையின் மீனவர் வாழ்வு அந்த அளவுக்கேனும் கதைப்படமாக வெளிவரவில்லை. கல்முனைப் பகுதியின் பேச்சு திரையில் ஏறாதபோதும் ஏட்டில் ஏறியது. நீலாவணனின் கவிதையிலும் மருதூர்க்கொத்தனின் சிறுகதையிலும் எம். ஏ. நுஃமானின் கவிதையிலும் இக்கரை 1960கள் தொட்டுப் பேசிவந்துள்ளது. எழுதுவதற்குத் தாளும் பேனாவும் போதும் என்பதே இவ்வேறுபாட்டின் எளிய விளக்கம்.

இனி களத்துக்கு வருவோம். பெரியநீலாவணையிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை வழியே செல்பவர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்களைக் கடக்கின்றார். இவற்றுள் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருகின்றன. மதிலொன்றோ ஒழுங்கையொன்றோதான் பல இடங்களில் எல்லை. சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவுக்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர். தாய்வழிக் குடிமுறையும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமகனை அவ்வீட்டிற்கு அழைக்கும் வழக்கமும் இரு சமூகத்தாருக்கும் பொது. உம்மா, வாப்பா, காக்கா என்ற விளிகள் ஒரு சமூகத்துக்குரியவையாயினும், மாமியும் மச்சானும் இரு சமூகத்தாரின் வாயிலும் ஒன்றே. இவ்வுறவைப் 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' என்று வழிவழியாகச் சொல்வர். மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் அவ்வுவமை மீது எனக்கு ஒரு குறையுண்டு. போடியாரும் வயற்காரரும் இரு சமூகத்திலும் இருந்தனர் என்பதை அது மறைத்துவிடுகின்றது. பிட்டு அவிப்பது யார், உண்பது யார் என்ற வினாவுக்கு அதில் இடமில்லை.

1985 ஏப்ரிலில் இக்கரையில் மூண்ட மோதல்களும், 1990 ஆகஸ்டில் காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை ஆகிய இடங்களில் நிகழ்ந்த படுகொலைகளும் அவ்வுறவைச் சிதைத்தன. கற்கும் இடங்களும் பிரிந்தன. 1995இல் அட்டாளைச்சேனையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் ஒலுவிலில் நிலைபெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தோற்றத்தை, போர்ச்சூழலில் முஸ்லிம் மாணவர் கல்வியைத் தொடர முடியாதுபோன நிலையிலிருந்து பிரித்து நோக்கவியலாது.

இப்பின்னணியில் ஒரு மாணவர் குழு கல்முனைக்குடிக் கரையில் ஐந்து நிமிடப் பேசாப்படம் ஒன்றைத் திட்டமிடுவதாகக் கொள்வோம். ஒலி நீங்கியதும் நிகழ்வது யாது? 'மச்சான், கயிறைப் புடி' என்ற அழைப்பு கேட்காது. அழைத்தவரின் தொப்பி தெரியும். அழைக்கப்பட்டவரின் நெற்றித் திருநீறு தெரியும். பெண்ணின் முக்காடு தெரியும். மற்றவளின் பொட்டுத் தெரியும். பள்ளிவாசல் மினாரத்தும் கோயிற் கோபுரமும் தெரியும். பொதுவானது செவிக்குரியதாகவும், வேற்றுமை கண்ணுக்குரியதாகவும் அமைந்துள்ள ஒரு சமூகத்தில், கண்ணுக்கு மாத்திரம் உரிய கலை நடுநிலையான கருவியாக இருத்தல் இயலாது. அது தானாகவே வேற்றுமையின் பக்கம் சாய்கின்றது. மொழி கடந்த கலை என்று பேசாப்படத்தைப் போற்றும் வழக்கமான கூற்று, மொழியாற் பிரிந்த மக்களுக்குப் பொருந்தலாம். மொழியால் இணைந்து பிறவற்றாற் பிரிக்கப்பட்ட மக்களுக்குப் பொருந்தாது. 1948இல் விஸ்கொந்தி 'நிலம் நடுங்குகிறது' படத்தில் ஆச்சித்ரெட்சா மீனவரை அவர்தம் சிசிலியப் பேச்சிலேயே பேசவிட்டார். ஏனைய இத்தாலியருக்கு அது விளங்காமையால் இத்தாலிய விளக்கவுரையைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்குப் பேச்சு பிரித்தது; இங்குப் பேச்சின்மை பிரிக்கின்றது.

தொப்பியையும் பொட்டையும் கழற்றிவிட்டுப் படமெடுக்கலாம் என்பது விடையாகாது, அது பொய். மாணவர் குழு தேட வேண்டியது, கண்ணுக்குத் தெரியக்கூடிய வேறொரு பொதுமையை. உழைப்பே அத்தகையது என்பது என் கருத்து. கரைவலையை எடுத்துக்கொள்வோம். தோணி கடலில் அரைவட்டமாக வலையை வளைத்துவர, கரையில் இரு அணியினர் இரு புறத்துக் கயிறுகளையும் பற்றி இழுக்கின்றனர். இழுக்க இழுக்க இரு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. ஈற்றில் மடி கரையேறுகின்றது. காட்சிக் கலைக்கு இதனிலும் தெளிவான அமைப்பு அரிது: பிரிந்து நிற்கும் இரு வரிசைகள் ஒரே வேலையின் விளைவாக ஒன்றுசேர்கின்றன. வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு திரையிற் கேட்காது. ஆனால் அப்பாட்டின் தாளம் முதுகிலும் காலிலும் தெரியும். பாட்டுக்கேற்பச் சாயும் உடல்களைச் சரியான நீளத்தில் வெட்டி ஒட்டினாற் பார்ப்போன் அத்தாளத்தைக் கண்ணாற் கேட்பான். (பல கரைகளில் இப்போது உழவு இயந்திரம் வலையை இழுக்கின்றது. அங்குப் பாட்டும் இல்லை, அவ்வுடலசைவும் இல்லை. அப்படி ஒரு கரையிற் படமெடுப்போர் இயந்திரத்தையே காட்டல் வேண்டும். பழைய அழகுக்காக மனிதரை வாடகைக்கு இழுக்கச் செய்தல் வரலாற்று மோசடி.)

பிலிம் காலத்து மாணவர் இதனை எவ்வாறு திட்டமிட்டிருப்பர் எனக் கணக்கிட்டுப் பார்த்தல் பயனுடைத்து. 16 மில்லிமீற்றர் பிலிமின் 100 அடிச் சுருள் ஒன்றில் 4,000 சட்டகங்கள் உண்டு. விநாடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் அது 2 நிமிடமும் 46 விநாடியும் ஓடும். ஐந்து நிமிடப் படத்துக்கு மூன்று மடங்கு எடுப்பதாயின் ஏறத்தாழ ஆறு சுருள்கள் வேண்டும். பல பள்ளிகளில் வழங்கிய பொலெக்ஸ் கமரா சாவி முறுக்கி இயக்கப்படுவது. ஒரு முறுக்குக்கு அரை நிமிடமளவே ஓடும். ஆகவே எந்தக் காட்சித்துண்டும் அரை நிமிடத்தைத் தாண்டாது. வலை இழுப்பதற்கோ மணிக்கணக்காகும். இவ்விரு கால அளவுகளுக்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளியை நிரப்புவதே திட்டத்தாளின் வேலை. இன்று கைத்தொலைபேசியிற் பகல் முழுவதும் பதிவு செய்யலாம்; ஒலியும் இலவசமாகக் கிடைக்கின்றது. எனவே மௌனம் இனி நிர்ப்பந்தமன்று, தெரிவு. தெரிவு என்றபின் காரணங் காட்டும் பொறுப்பு மாணவருக்கு உண்டு. முன்னர் ஆறு சுருள் என்ற வரம்பு செய்த வேலையை அவர்தாமே செய்துகொள்ளல் வேண்டும். ஆறு சுருளுக்கு மேல் எடுப்பதில்லை என்று குழு தானே விதித்துக்கொள்ளுமாயின் அது வீண் பிடிவாதம் அன்று.

காலமும் வெளிச்சமும் அடுத்துவருபவை. வாடைக் காற்றுக் காலத்தில் இக்கடல் கொந்தளிக்கும். கரைவலைக்குரியது அதன் பின்னரான அமைதிக்காலம். கிழக்குக் கரையாதலாற் சூரியன் கடலிலிருந்து எழுகின்றது. காலையில் நிலத்தில் நின்று கடலை நோக்கிப் படமெடுப்பின் இழுப்போர் அனைவரும் கரிய நிழலுருவங்களாவர். பிற்பகலில் அதே இடத்தில் நின்றால் ஒளி முகங்களின்மேல் விழும். இது வெறுந் தொழினுட்ப விடயம் என ஒதுக்கத்தக்கதன்று. நிழலுருவத்திற் தொப்பியில்லை, திருநீறில்லை, இனமில்லை. அழகான காட்சி. போட்டிகளிற் பரிசு பெறவும் கூடும். இவ்வழகை நான் நம்பவில்லை. முகத்தை இருளாக்கிப் பெறும் ஒற்றுமை எளிதிற் பெறும் ஒற்றுமை. அத்துடன் அவ்விருளில் வேறொன்றும் மறைகின்றது: தோணியும் வலையும் யாருடையவை என்பது.

ஆகவே படம் மடி கரையேறுவதுடன் முடிதல் தகாது. மீன் கொட்டப்பட்டபின் நிகழ்வதே முக்கியம். விலை கூறப்படுகின்றது. முதலாளியின் பங்கு, வலைக்கும் தோணிக்குமான பங்கு, இழுத்தவரின் பங்கு எனப் பிரிக்கப்படுகின்றது. இழுத்தவன் கையில் ஒரு கோவை மீனும் சில நோட்டுகளும். மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் உள்ளூர்களை நோக்கிப் புறப்படுகின்றன. முஸ்லிம் ஊரின் மீன் தமிழூர்ச் சட்டியில் வேகின்றது. இவை யாவும் சொல்லின்றியே காட்டத்தக்கவை. எண்ணும் விரல்களும், காத்து நிற்கும் கண்களும், மணலில் ஒதுக்கப்படும் சிறுமீன் குவியலும் போதும். ஜோன் கிரியர்சன் 1929இல் எடுத்த 'டிறிஃப்டர்ஸ்' என்ற பேசாப்படம் வடகடலில் ஹெறிங் மீன்பிடியைக் காட்டி, துறைமுகச் சந்தையில் முடிகின்றது. மீன் சரக்காக மாறும் கணத்தை அவர் கண்டார். லண்டனில் அது 'பொட்டெம்கின்' படத்துடன் ஒரே நிகழ்ச்சியிற் காட்டப்பட்டது. ஆயின் கூலி எவ்வளவு என்ற வினா அப்படத்தில் எழவில்லை. பணம் கொடுத்தது பேரரசின் சந்தைப்படுத்தல் சபை. கல்முனை மாணவர் எவரிடமும் பணம் பெறாதவராயின் அவ்வினாவை எழுப்ப அவருக்குத் தடையில்லை.

பெண்களின் உழைப்புப் பற்றி இங்கு ஒரு சிக்கல் உண்டு. கரைவலை ஆண்களின் வேலை. மருதமுனையின் கைத்தறியிலோ நூல் சுற்றுதல் முதலாகப் பெண்களின் பங்கு பெரிது. பாய் இழைப்பதும் பெண்களே. இவ்வேலைகள் வீட்டினுள் நிகழ்பவை. முகம் படமாவதைப் பல பெண்கள் விரும்பார். விரும்பாமையை மதித்தல் வேண்டும். கைகளை மட்டும் எடுக்கலாம் என்று மாணவர் உடனே கூறுவர். ஆங்கில ஆலை முதலாளிகள் தொழிலாளரைக் 'கைகள்' என்றே அழைத்தனர் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நலம். கமராவைக் குழுவிலுள்ள மாணவியரிடமே கொடுத்து, எதைக் காட்டலாம் எதைக் காட்டலாகாது என்பதை நெய்யும் பெண்களே தீர்மானிக்கும்படி விடுதல் ஒரு வழி. அப்போது திட்டத்தாள் மாணவருக்கு மட்டும் உரியதாக இராது. 1977இன் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரம் இறக்குமதித் துணியால் உள்ளூர்த் தறிகளை நெருக்கிற்று. எஞ்சிய தறிகளைப் படமாக்குவோர், ஓடத்தின் அசைவழகோடு நின்றுவிடாது, ஓடாத தறியொன்றையும் காட்டுதல் வேண்டும். பேசாப்படத்தில் நின்றுபோன தறி போன்று பேசவல்லது பிறிதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. நாட்டின் மாவட்டங்களுள் அதிக உயிரிழப்பு அம்பாறையிலேயே நேர்ந்தது. 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடலோரத் தெருக்கள் இல்லாதொழிந்தன. அலை சமூகம் பார்க்கவில்லை என்று அப்போது பலரும் கூறினர். வர்க்கம் பார்த்தது என்பதை யாரும் அவ்வளவாகக் கூறவில்லை. கடலுக்கு மிக அண்மையிற் குடியிருந்தோர் பெரும்பாலும் மீனவரும் வறியவரும் ஆவர். குடும்பப் படங்களும் அவ்வீடுகளோடு போயின. இக்கரையின் முந்திய தோற்றத்தை அறிய விழைவோர்க்கு, யாரோ எதற்கோ எடுத்த சில துண்டுக் காட்சிகளே இன்று சான்று. மாணவரின் ஐந்து நிமிடப் படமும் ஒருநாள் அவ்வாறான சான்றாகக் கூடும். எனவே நாள், இடம், காற்று, பிடிபட்ட மீன், அன்றைய விலை ஆகியவற்றைத் திட்டத்தாளின் மறுபுறத்திற் குறித்து வைத்தல் படமெடுப்பதற்குச் சமமான வேலை. இந்த ஒழுக்கம் நமது கலைஞரிடையே அருகியே காணப்படுகின்றது.

எழுத்து அட்டைகள் பற்றி ஒரு சொல். 1929இல் ட்சிகா வேர்த்தோவ் தமது 'கமராவுடன் மனிதன்' படத்தில் அட்டைகளே இல்லாது செய்தார். நமது மாணவர் அவ்வளவு கடுமையாயிருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று அட்டைகள், கரையிற் பேசப்படும் வடிவிலேயே, ஏட்டுத் தமிழாகத் திருத்தப்படாது அமையலாம். 'புடி', 'இழு', 'உடு' என்ற மூன்று சொற்களே ஒரு படத்துக்குப் போதும். அவற்றைச் சொன்னவர் எச்சமூகத்தவர் என்று எழுத்தைப் பார்த்து எவராலும் கூறவியலாது.

எடுத்து முடித்த படத்தை முதலில் எங்குக் காட்டுவது என்பதையும் திட்டத்திலேயே சேர்த்தல் தகும். பல்கலைக்கழக மண்டபத்தில் விரிவுரையாளர் முன்னிலையிற் காட்டினால் மதிப்பெண் கிடைக்கும். வலை இழுத்தோர் முன்னிலையில், கரையிலேயே, ஒரு வெள்ளைத் துணியிற் காட்டினால் வேறொன்று கிடைக்கும். படம் தொடங்கிய கணமே அவர்கள் பேசத் தொடங்குவர். யார் கயிற்றைத் தளர்த்தினான், யார் பங்கு குறைந்தது, அன்று மீன் ஏன் பிடிபடவில்லை, தோணிக்காரர் என்ன சொன்னார் என்றெல்லாம் இரு சமூகத்தாரும் ஒரே தமிழில் உரத்துச் சொல்வர், சிரிப்பர், மறுப்பர். சென்னை அரங்குகளில் அட்டையைப் படித்துக் காட்டியவனுக்கு இங்கு வேலையிராது. திரையிலிருந்து நீக்கிய மொழி திரைக்கு எதிர்ப்புறத்தில் அப்போது ஒலிக்கும். குழுவில் ஒருவர் கமராவை ஒதுக்கிவைத்து, அப்பேச்சு முழுவதையும் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பங்கு பிரிக்கும் காட்சி சரியாக எடுக்கப்படவில்லை என்று அவர்கள் கூறுவராயின், அடுத்த இழுப்பில் அதனை மீண்டும் எடுப்பதற்காக ஆறு சுருள்களுள் ஒன்றை முன்கூட்டியே மீதம் வைத்திருத்தல் நன்று.